முதுகெலும்பு வாதமா, வெறும் தேய்மானமா? எக்ஸ்ரேயை வச்சு சரியா கண்டுபிடிக்க வைக்கறது எப்படி

இருபத்தஞ்சு வயசுல இடுப்பு வலின்னு எலும்பு டாக்டர்கிட்ட போனா என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஒரு எக்ஸ்ரே, "தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு தம்பி, பைக் ஓட்டறத குறைச்சுக்கங்க"ன்னு ஒரு அட்வைஸ், ஒரு இடுப்பு பெல்ட்டு, பத்து நாளைக்கு வலி மாத்திரை, முடிஞ்சா ஒரு வாரம் பிசியோவுல கரண்ட் வைக்கறது. முக்காவாசிப் பேருக்கு இதுலயே சரியாயிடும், அவங்களுக்கு இந்தக் கட்டுரை வேணாம். மாசக்கணக்குல போகாத வலி, படுத்தா ஜாஸ்தியாகி நடந்தா குறையற வலி, அது இருக்கறவங்களுக்குத்தான் இது, ஏன்னா அது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸா இருக்கலாம், சுருக்கமா ஏ.எஸ்., அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே முதுகெலும்பு மூட்டுகளையும் இடுப்புக்குப் பின்னால இருக்கற மூட்டையும் அழற்சியாக்கி வருஷக்கணக்குல இறுக்கிக் கட்டிப்போடற வாதம். நம்ம ஊர்ல கழுத்து வலிச்சாலே "ஸ்பாண்டிலைட்டிஸ்"னு சொல்லிடறோம், அது வயசானா வர்ற ஸ்பாண்டிலோசிஸ், தேய்மானம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எக்ஸ்ரே இந்த நோய்ல ரொம்ப லேட்டா பேசற சாட்சி. எலும்புல அரிப்பு, தழும்பு, ஒட்டல் இதெல்லாம் வந்தப்புறம்தான் படத்துல தெரியும், அதுக்கு வலி ஆரம்பிச்சு சில வருஷம்கூட ஆகலாம். அதனால "எக்ஸ்ரே நார்மல், ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா அதோட வீட்டுக்கு வந்துடாதீங்க, அதே மாதிரி ரிப்போர்ட்டுல "சாக்ரோஇலியைட்டிஸ்"னு, அதாவது இடுப்புக்குப் பின்னால இருக்கற அந்த மூட்டுல அழற்சின்னு, ஒரு வார்த்தைய பாத்துட்டு ராத்திரி பூரா கூகுள் பண்ணி அழவும் வேணாம். ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது.

படம் எடுக்கறதுக்கு முன்னாடி: வலியோட கதைய எழுதுங்க

ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க, போன்ல டைப் பண்ணி வச்சாலும் சரி. வலி எந்த வயசுல ஆரம்பிச்சுது (45க்கு முன்னாடின்னா முக்கியம்), திடீர்னு தூக்கும்போது பிடிச்சதா இல்ல எப்ப வந்ததுன்னே தெரியாம மெதுவா ஏறினதா, மூணு மாசத்துக்கு மேல இருக்கா, ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு வலி எழுப்பி விடுதா, எழுந்து ஹால்ல ரெண்டு ரவுண்டு நடந்தா குறையுதா, காலையில உடம்பு இறுகிப்போய் இருந்து சரியாக எவ்வளவு நேரம் ஆகுது. ஞாயித்துக்கிழமை நாள் பூரா படுத்துக் கிடந்தா வலி ஜாஸ்தியாகுதுன்னா அத பெருசா எழுதுங்க. டிஸ்க் வலிக்கும் தேய்மான வலிக்கும் ரெஸ்ட் எடுத்தா சுகமா இருக்கும், இதுல ரெஸ்ட்தான் எதிரி. பின்பக்கத்துல வலது ஒரு வாரம், இடது ஒரு வாரம்னு மாறி மாறி வலிக்கறதும் இதுக்கே உரிய குணம், நிறைய பேர் அத "சியாட்டிகா", காலுக்கு இறங்கற நரம்பு வலின்னு நெனச்சுட்டு போயிடறாங்க.

இடுப்ப விட்டு வெளியவும் பாருங்க. எப்பவாவது ஒரு கண்ணு மட்டும் செவந்து, வலிச்சு, வெளிச்சத்த பாக்க முடியாம கண் டாக்டர் "ஐரைட்டிஸ், யூவியைட்டிஸ்"னு சொட்டு மருந்து குடுத்தாரா? காலையில தரையில கால வச்சா குதிகால் குத்துதா? தலையில, முழங்கையில செதில் செதிலா சொரியாசிஸ் இருக்கா? ரத்தம் கலந்த பேதி, ரொம்ப நாள் வயித்து பிரச்சனை? ஒரு விரல் மட்டும் முழுசா வீங்கினது? வீட்டுல அப்பா, சித்தப்பா, மாமா யாராவது முதுகு கூனி, கழுத்த திருப்ப முடியாம முழு உடம்பையும் திருப்பி பாக்கறவங்க இருந்தாங்களா? டாக்டர் ரெண்டு நிமிஷத்துல இத்தனையும் கேக்க மாட்டாரு, நீங்க சொல்லலன்னா அது யாருக்கும் தெரியாது. அதே படத்த இந்தக் கதையோட பாக்கறதுக்கும் கதை இல்லாம பாக்கறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

எந்தப் படம் எடுக்கணும்

இங்கதான் முக்கால்வாசி கேஸ் கோட்டை விடறது. சீட்டுல "எல்.எஸ். ஸ்பைன் ஏ.பி., லேட்டரல்"னு எழுதி அனுப்புவாங்க, இடுப்புப் பகுதி முதுகெலும்ப முன்னாலயும் பக்கவாட்டுலயும் எடுத்த படம் வரும், முதுகெலும்புக் கட்டைகள் எல்லாம் நல்லா இருக்கும், "மசில் ஸ்பாஸம்", தசைப்பிடிப்புன்னு ரிப்போர்ட் வரும், சுபம். ஆனா இந்த நோய் பெரும்பாலும் முதல்ல கை வைக்கற இடம் சாக்ரோஇலியாக் மூட்டு, எஸ்.ஐ. ஜாயின்ட்னு சொல்வாங்க, முதுகெலும்போட அடிப்பாகமும் இடுப்பெலும்பும் சேர்ற இடம், பின்பக்கம் ரெண்டு குழி விழுமே, அதுக்குக் கீழ. எல்.எஸ். ஸ்பைன் படத்துல அது ஓரத்துல அரைகுறையாத்தான் விழும்.

அதனால டாக்டர்கிட்ட பணிவா கேளுங்க, "சார், எனக்கு ராத்திரி வலி, காலையில இறுக்கம் இருக்கு, பெல்விஸ் ஏ.பி. எடுத்து எஸ்.ஐ. ஜாயின்ட் பாத்துடலாமா?" பெல்விஸ் ஏ.பி.ங்கறது இடுப்பு முழுசும் முன்னாலேர்ந்து எடுக்கற படம். அதுல தொடை மூட்டும் சேந்து விழும், அது ஒரு லாபம், ஏன்னா ஏ.எஸ். காரங்கள்ல கொஞ்சப் பேருக்கு இந்தத் தொடை மூட்டும் அடி வாங்கும். சில டாக்டர்கள் டியூப்ப தலைப்பக்கமா சாய்ச்சு எடுக்கற பெர்குசன் வியூ கேப்பாங்க, சிலர் சாய்வா ஆப்ளிக் கேப்பாங்க. எடுத்தா தப்பில்ல, ஆனா நல்லா எடுத்த ஒரு பெல்விஸ் ஏ.பி.க்கு மேல அதுல பெருசா கூடுதலா கிடைக்கறதில்ல, தேவையில்லாம கதிர்வீச்சு வாங்கிக்காதீங்க. கர்ப்பமா இருக்கலாம்னு துளி சந்தேகம் இருந்தாலும் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

போறதுக்கு முந்தின ராத்திரி லைட்டா சாப்பிடுங்க, காலையில வயிறு காலியானப்புறம் போங்க. கேக்க சில்லறை விஷயம் மாதிரி இருக்கும், ஆனா அந்த மூட்டு மேலயே குடல் உக்காந்திருக்கு, கேஸும் மலமும் இருந்தா படத்துல கறுப்பு கறுப்பா திட்டு விழுந்து மூட்டோட ஓரத்த மறைச்சுடும், இல்லாத அரிப்ப இருக்கற மாதிரி காட்டும், இருக்கறத மூடும். அப்புறம் அரைஞாண் கயிறு. நம்மாளுங்க சட்டைய கழட்டுவாங்க, செயின கழட்டுவாங்க, இடுப்புல இருக்கற வெள்ளிக்கொடியையும் தாயத்தையும் மறந்துடுவாங்க, அது பளிச்சுனு வெள்ளையா கரெக்டா மூட்டு மேல வந்து விழும். ஜிப், பேன்ட் பட்டன், பாக்கெட்டுல சில்லறை எல்லாம் அதே கதைதான். வேட்டியோ எலாஸ்டிக் டிராயரோ போட்டுட்டு போனா நிம்மதி.

டேபிள்ல மல்லாக்க படுக்க வச்சு, ரெண்டு கால் கட்டைவிரலும் ஒண்ண ஒண்ணு தொடற மாதிரி பாதத்த உள்பக்கம் திருப்பச் சொல்வாங்க, "மூச்ச பிடிங்கண்ணே, ஆடாதீங்க"ன்னு உள்ள போவாங்க. ஆடாதீங்க. இடுப்பு ஒருபக்கமா சாஞ்சு படுத்திருந்தா ஒரு மூட்டு அகலமாவும் இன்னொண்ணு ஒடுங்கியும் தெரியும், அத நோய்னு எழுதறவங்களும் உண்டு. படம் கைக்கு வந்ததும் நீங்களே பாருங்க, ரெண்டு பக்க தொடை எலும்பு பந்தும் முழுசா விழுந்திருக்கா, இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே அளவா இருக்கா. இல்லன்னா அங்கயே சொல்லுங்க.

பிலிமோட நிறுத்தாதீங்க, படம் பதிஞ்ச சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்க. அதுல டைகாம்னு சொல்ற ஒரிஜினல் கம்ப்யூட்டர் பைல் இருக்கும், டாக்டர் பெருசாக்கி, வெளிச்சத்த கூட்டிக் குறைச்சு பாக்கலாம். ஜன்னல் வெளிச்சத்துல பிலிம பிடிச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல அனுப்பி "இது ஏ.எஸ்.ஸா பாருங்க"ன்னு குரூப்ல கேக்கறவங்க நிறைய, அந்த போட்டோவ வச்சு யாரு என்ன சொன்னாலும் அது ஜோசியம்தான்.

படத்துல என்ன தேடுறாங்க

எஸ்.ஐ. மூட்டு நேர்கோடு கிடையாது, வளைஞ்சு சாஞ்சு போற மூட்டு, அத தட்டையான ஒரு படத்துல பாக்கறதே கஷ்டம். டாக்டர் முக்கியமா பாக்கறது அதோட கீழ்ப்பாகத்த, அதுலயும் இடுப்பெலும்புப் பக்கத்து ஓரத்த, அங்க குருத்தெலும்பு மெலிசா இருக்கறதால அரிப்பு முதல்ல அங்கதான் தெரியும். ஓரம் கூர்மையா கோடு போட்ட மாதிரி இல்லாம மங்கலா, பல்லு பல்லா இருக்கா, பக்கத்து எலும்பு வெள்ளையா தடிச்சிருக்கா, இடைவெளி அகலமாவோ ஒடுங்கியோ இருக்கா, இல்ல மூட்டே காணாம ஒட்டிப்போச்சா.

இதுக்கு 0லேர்ந்து 4 வரைக்கும் கிரேடு இருக்கு. 0 நார்மல். 1ன்னா சந்தேகம், அவ்வளவுதான். 2ன்னா சின்னச் சின்ன இடத்துல அரிப்போ தடிப்போ இருக்கு ஆனா மூட்டு அகலம் மாறல. 3ன்னா சந்தேகமே இல்லாத மாற்றம், பாதி ஒட்டினதும் இதுல சேரும். 4ன்னா முழுசா ஒட்டிடுச்சு. ஏ.எஸ்.னு முடிவு பண்ண வச்சிருக்கற, 1984ல திருத்தின நியூயார்க் விதிப்படி ரெண்டு பக்கமும் கிரேடு 2 அல்லது அதுக்கு மேல, இல்லன்னா ஒரு பக்கம் மட்டும் 3 இல்ல 4 இருக்கணும். அதோட கூடவே உடற்பயிற்சில குறையற மூணு மாச வலி, இடுப்பு வளையறது குறைஞ்சிருக்கறது, மூச்சிழுத்தா மார்பு விரியறது குறைஞ்சிருக்கறது, இதுல ஒண்ணாவது இருக்கணும், அப்பதான் ஏ.எஸ்.னு எழுதலாம். கவனிச்சீங்களா, படம் மட்டும் போதும்னு அந்த விதியே சொல்லல.

கிரேடு 3, 4ல சண்டை கிடையாது, யாரு பாத்தாலும் தெரியும். ஒண்ணா ரெண்டாங்கறதுலதான் அனுபவமுள்ள ரெண்டு டாக்டருக்கே ஒத்துவராது, ஒரே டாக்டருக்கு அதே படத்த கொஞ்ச நாள் கழிச்சுக் காட்டினா வேற கிரேடு சொல்றதுகூட நடக்கும். அதனால உங்க ரிப்போர்ட்டுல "மைல்ட் ஸ்கிளீரோசிஸ்" (லேசான வெள்ளைத் தடிப்பு), "எர்லி சாக்ரோஇலியைட்டிஸ், கிளினிக்கலா சேர்த்துப் பாக்கவும்"னு இருந்தா அது தீர்ப்பு இல்ல, இன்னொருத்தர் பாக்கணும்னு அர்த்தம்.

முதுகெலும்பு படத்துல பாக்கறது வேற. பக்கவாட்டுல எடுத்தா ஒவ்வொரு கட்டையோட முன்பக்கமும் லேசா உள்வாங்கி இருக்கறதுதான் நார்மல், ஏ.எஸ்.ல அந்த வளைவு போயி நேரா சதுரமா ஆகும், மூலையில வெள்ளையா பளபளன்னு ஒரு புள்ளி தெரியும், அப்புறம் ஒரு கட்டையிலேர்ந்து அடுத்த கட்டைக்கு மெலிசா செங்குத்தா ஒரு எலும்புப் பாலம், சின்டெஸ்மோபைட்டுன்னு பேரு. எல்லா கட்டையும் சேந்துட்டா அதுதான் மூங்கில் முதுகுன்னு புத்தகத்துல போடற படம். புதுசா வர்றவங்க அந்தப் படத்த நெட்ல பாத்துட்டு பயந்து போயிடறாங்க, எல்லாருக்கும் அது வராது, வர்றவங்களுக்கும் ரொம்ப வருஷம் ஆகும்.

ஏமாத்தற விஷயங்கள்

தேய்மானத்துலயும் கட்டை ஓரத்துல எலும்பு வளரும், ஆனா அது தடியா, பக்கவாட்டுல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், டிஸ்க் இடைவெளியும் குறைஞ்சிருக்கும். வயசானவங்களுக்கு, முக்கியமா சுகர் இருக்கறவங்களுக்கு டிஷ்னு ஒண்ணு வரும், வரிசையா நாலு கட்டைக்கு முன்னால மெழுகு வழிஞ்ச மாதிரி எலும்பு படிஞ்சிருக்கும், பாக்க ஏ.எஸ். மாதிரியே இருக்கும், ஆனா எஸ்.ஐ. மூட்டுல அரிப்பு இருக்காது. பிள்ளை பெத்த பெண்களுக்கு மூட்டுக்குப் பக்கத்துல இடுப்பெலும்புல முக்கோணமா வெள்ளைத் தடிப்பு இருக்கலாம், ஆஸ்டியைட்டிஸ் கன்டென்சன்ஸ்னு பேரு, மூட்டு ஓரம் சுத்தமா இருக்கும், இது வாதம் கிடையாது. பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்களோட மூட்டு இயற்கையாவே அகலமா கரடுமுரடாத்தான் தெரியும்.

நம்ம நாட்டுல மறக்கக்கூடாதது டி.பி. ஒரே ஒரு பக்க மூட்டு மட்டும் அரிச்சுப் போயிருந்தா, சாயங்காலம் ஜுரம், எடை குறையறது, ராத்திரி வேர்க்கறது இருந்தா முதல்ல எலும்பு டி.பி.யான்னு பாத்தாகணும், ஆடு மாடோட புழங்கறவங்க, காய்ச்சாத பால் குடிக்கறவங்களுக்கு புருசெல்லாங்கற கிருமியும் இதே மாதிரி பண்ணும். இத பாக்காம வாதம்னு எதிர்ப்பு சக்திய அடக்கற ஊசி போட்டா விபரீதம்.

எக்ஸ்ரே நார்மல், ஆனா வலி போகல

அப்ப அடுத்தது எம்.ஆர்.ஐ. இதுலயும் அதே குழி காத்திருக்கு, "எல்.எஸ். ஸ்பைன் எம்.ஆர்.ஐ." எடுத்துடுவாங்க, எல்-4 எல்-5ல, அதாவது இடுப்புப் பகுதியோட கடைசி ரெண்டு கட்டைக்கு நடுவுல, டிஸ்க் லேசா பிதுங்கியிருக்குன்னு வரும், வலியே இல்லாத நிறைய பேருக்கும் அப்படி இருக்கும், நீங்க மறுபடியும் டிஸ்க் பேஷன்ட் ஆயிடுவீங்க. சீட்டுல "எஸ்.ஐ. ஜாயின்ட் எம்.ஆர்.ஐ., ஸ்டிர் சீக்வென்ஸோட"ன்னு இருக்கணும். ஸ்டிர்ல எலும்புக்குள்ள இருக்கற நீர்க்கோவை வெள்ளையா ஒளிரும், எலும்பு அரிக்கறதுக்கு முன்னாடியே அழற்சிய அதுல பாக்கலாம், சாதாரணமா கான்ட்ராஸ்ட் ஊசி தேவைப்படாது. எக்ஸ்ரேல தெரியாம இப்படி இருக்கற நிலைமைக்கு நான்-ரேடியோகிராபிக் ஆக்சியல் ஸ்பாண்டைலோஆர்த்ரைட்டிஸ்னு தனிப் பேரே இருக்கு, பெண்கள்ல இது நிறைய, "இது ஆம்பளைங்க நோய்மா"ன்னு சொல்லி அனுப்பிடறதால அவங்களுக்கு இன்னும் லேட்டாகுது. ஆனா எம்.ஆர்.ஐ.யும் பொய் சொல்லும், தினமும் ஓடறவங்களுக்கும் சமீபத்துல பிரசவம் ஆனவங்களுக்கும் நோய் இல்லாமலே அந்த வெள்ளை தெரியலாம், ரேடியாலஜிஸ்ட்கிட்ட அத சொல்லணும்.

ரத்த டெஸ்டுல "ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்"னு ஆர்.ஏ. பேக்டர், யூரிக் ஆசிட் எல்லாம் சேர்த்து எடுத்துட்டு "எல்லாம் நெகட்டிவ், வாதம் இல்ல"ன்னு சொல்வாங்க. ஏ.எஸ்.ல ஆர்.ஏ. பேக்டர் நெகட்டிவாத்தான் இருக்கும். சி.ஆர்.பி., அதாவது உடம்புல அழற்சி இருக்கறத காட்டற ரத்த டெஸ்ட், கூடினா உதவி, நார்மலா இருந்தா நோய் இல்லன்னு ஆகாது, நிறைய பேருக்கு நார்மலாவே இருக்கு. எச்.எல்.ஏ. பி27 ஒரு ஜீன் டெஸ்ட், 1973லதான் இதுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்ப கண்டுபிடிச்சாங்க. ஏ.எஸ். இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது பாசிட்டிவ், ஆனா பாசிட்டிவா இருக்கற பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள்ல நோயே வராது. வலியே இல்லாத தம்பிக்கும் தங்கச்சிக்கும் "எதுக்கும் ஒரு தடவ பாத்துடலாம்"னு இந்த டெஸ்ட் எடுக்காதீங்க, காசும் தூக்கமும் போகும்.

யார்கிட்ட போகணும்

ரூமட்டாலஜிஸ்ட், அதாவது வாத நோய் டாக்டர். ஆர்த்தோ டாக்டர் எலும்பு முறிவுக்கும் ஆபரேஷனுக்கும், இது மருந்தால பாக்கற வாதம். சென்னை ஜி.எச்.ல, அதாவது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில தனி ரூமட்டாலஜி துறை இருக்கு, வேலூர் சி.எம்.சி.லயும் புதுச்சேரி ஜிப்மர்லயும் இருக்கு, கோயம்புத்தூர், மதுரை மாதிரி ஊர்ல தனியா பாக்கறவங்களும் இருக்காங்க. போகும்போது பழைய படம் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டு போங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படம் வேணும். எந்த வலி மாத்திரை எத்தன நாள் சாப்பிட்டீங்க, ரெண்டு நாள்ல பளிச்சுனு குறைஞ்சுதா இல்லையான்னும் சொல்லுங்க, அதுவும் ஒரு துப்பு. நடுவுல எங்கயாவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலோ, பேர் தெரியாத பொடி, லேகியம் சாப்பிட்டிருந்தாலோ மறைக்காதீங்க, சில பொடில ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது படத்தையும் டெஸ்டையும் குழப்பும்.

நல்ல டாக்டர் பிலிம பாக்கறதோட நிக்க மாட்டாரு. எழுந்து நிக்க வச்சு, இடுப்புக் குழிக்கு நேரா ஒரு கோடு, அதுக்கு 10 சென்டிமீட்டர் மேல ஒரு கோடு போட்டு குனியச் சொல்வாரு, அந்த 10 நார்மலா 15 பக்கம் நீளணும், 12, 13லயே நின்னுட்டா முதுகு இறுகியிருக்குன்னு அர்த்தம். சுவத்துல முதுகையும் குதிகாலையும் ஒட்டி நிக்க வச்சு பின்தலை சுவத்த தொடுதான்னு பாப்பாரு. இப்படி உடம்ப தொட்டே பாக்காம ரிப்போர்ட்ட மட்டும் படிச்சுட்டு "உங்களுக்கு ஏ.எஸ்., ஆயுசுக்கும் ஊசி போடணும்"னு யாராவது சொன்னா, அந்த ஊசி விலை உயர்ந்ததுங்கறதால மட்டும் இல்ல, டயக்னோசிஸே ஆட்டம் காணறதால இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. கேக்க வேண்டிய கேள்வி இது: "சார், என் படத்துல எந்தப் பக்கம், என்ன கிரேடு, வேற எதுவா இருக்க வாய்ப்பிருக்கு?" இதுக்கு படத்துல விரல வச்சு காட்டி பதில் சொல்றவர்கிட்ட ட்ரீட்மென்ட் ஆரம்பிங்க.

கன்பார்ம் ஆனப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எக்ஸ்ரே எடுத்து "கூடியிருக்கா குறைஞ்சிருக்கா"ன்னு பாக்கறதுல அர்த்தமில்ல, மாற்றம் அவ்வளவு மெதுவா வரும், ரெண்டு வருஷத்துக்குள்ள மறுபடி எடுக்க சாதாரணமா அவசியம் இருக்காது. எடுக்கும்போது முடிஞ்சா அதே சென்டர்ல, அதே வியூல எடுங்க, ஒப்பிட வசதியா இருக்கும். ஆனா ஒரு விதிவிலக்கு இருக்கு. முதுகு ஏற்கனவே ஒட்டிப்போனவங்க பாத்ரூம்ல லேசா வழுக்கி விழுந்தாலும் சரி, பஸ் பிரேக்குல கழுத்து குலுங்கினாலும் சரி, புதுசா ஒரு வலி வந்தா அது எலும்பு முறிவுன்னு நெனச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கு போகணும், ஒட்டின எலும்பு சுலபமா முறியும், கழுத்தோட கீழ்ப்பகுதியில அதிகம். அங்க எக்ஸ்ரே எடுத்துட்டு "ஒண்ணும் தெரியல"ன்னா ஏ.எஸ். இருக்குன்னு சொல்லி சி.டி. ஸ்கேன் கேளுங்க, அது வர்ற வரைக்கும் கழுத்த யாரையும் நேராக்கவோ திருப்பவோ விடாதீங்க.